கண்டது மொழிமோ: காதல் கதைக்குள் வந்த அறிவியல்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் என்று ஒரு மலையூர் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளில் பின்யன் ஜே என்றொரு பறவை. காக்கைக் குடும்பம்தான், ஆனால் உடம்பெல்லாம் மங்கிய நீலம். பைன் மரத்து விதைதான் அதற்குச் சோறு. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான விதைகளை மண்ணில் புதைத்து வைக்கும். எங்கே புதைத்தோம் என்பதை மாதக்கணக்கில் மறக்காமல், பனிக்காலத்தில் தோண்டித் தின்னும். கையில் இருப்பு இருக்கிற தைரியத்தில், மற்றப் பறவைகள் கூட்டைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்காத பிப்ரவரி, மார்ச்சிலேயே கட்டத் தொடங்கிவிடும். பெட்டை முட்டைமேல் உட்கார்ந்திருக்கும், அதன் முதுகில் பனி விழும். ஆண் விதை கொண்டுவந்து ஊட்டும். ஒருமுறை சேர்ந்த ஜோடி பெரும்பாலும் ஒன்று சாகும்வரை பிரிவதில்லை.

கூட்டை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். மரத்தின் தெற்குப் பக்கம், கொஞ்சம் வெளித்தள்ளி வைத்தால் வெயில் படும், கதகதப்பாக இருக்கும். ஆனால் வெயிலுக்குத் தெரிகிற கூடு அண்டங்காக்கைக்கும் தெரியும். உள்ளே மறைத்து வைத்தால் குளிர். கதகதப்பா, பாதுகாப்பா என்ற இந்தக் கணக்கை ஒவ்வொரு ஜோடியும் வருடாவருடம் போட்டாக வேண்டும்.

1970களில் ஒரு மாணவி இந்தப் பறவைகள் கூட்டுக்கு இடம் தேர்வது எப்படி என்று ஆராய்ந்து, 1978-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வேட்டை அவருடைய கணவர் சுருக்கமாக இப்படிச் சொல்வாராம்: பறவை ஏன் அங்கே கூடு கட்டுகிறது, கட்டினால்தான் யாருக்கென்ன?

அந்த மாணவியின் பெயர் டயானா கேபல்டன். பத்து வருஷம் கழித்து, 1988-ல், பழகிப் பார்க்கலாம் என்று ஒரு நாவலை எழுத உட்கார்ந்தார். 1991-ல் அது 'அவுட்லேண்டர்' என்ற பெயரில் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கணவனுடன் ஸ்காட்லாந்துக்குப் போகிற ஒரு ராணுவச் செவிலி, ஒரு கல் வட்டத்தைத் தொட்டு 1743-க்குள் விழுந்துவிடுகிறாள், அங்கே ஒரு இளைஞனைக் காதலிக்கிறாள். பிற்பாடு தொலைக்காட்சித் தொடராகவும் வந்ததால் நம்மூரிலும் பலருக்குத் தெரிந்த கதை.

எழுத ஆரம்பித்தபோது கேபல்டன் ஸ்காட்லாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பழைய 'டாக்டர் ஹூ' தொடரின் ஒரு பகுதியைத் தற்செயலாகப் பார்த்தார். அதில் கில்ட் உடுத்திய, பதினெட்டாம் நூற்றாண்டுக்கார ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன் வந்தான். அவ்வளவுதான் விதை. மீதி எல்லாம் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வந்தது. தெரியாத விஷயத்தை எங்கே தேடுவது என்பது தெரிந்தவருக்கு, போகாத ஊர் ஒரு பெரிய தடையில்லை. இதற்கு நடுவே மூன்று குழந்தைகள், பல்கலைக்கழக வேலை, அறிவியலாளர்களுக்கான கணினி மென்பொருள்கள் பற்றி 1984-ல் அவரே தொடங்கிய ஒரு காலாண்டிதழ். டிஸ்னி காமிக்ஸுக்குக்கூடக் கதை எழுதியிருக்கிறார். ஆர்வத்துக்கு வேலி கிடையாது போல.

அவர் எழுதும் முறைதான் எனக்குப் பிடித்த இடம். முதல் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம் என்று வரிசையாக எழுதுவதில்லை. முன்திட்டமும் போடுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு காட்சியை எழுதிவைக்கிறார், அப்புறம் வேறெங்கோ இன்னொன்று. நாளடைவில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. எழுத்தாளர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். காட்டில் பறவை பார்த்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். பறவை உங்கள் அட்டவணைப்படி நடக்காது. இன்றைக்குக் கூட்டைக் காட்டும், அடுத்த வாரம் சண்டையைக் காட்டும், ஜோடி சேர்ந்த கதை கடைசியில்தான் தெரியவரும். கண்டதைக் கண்டபடி குறித்துவைத்து, பிறகு கோத்துப் பார்ப்பதுதான் கள ஆய்வு. அவர் இந்த ஒப்புமையைச் சொன்னதாக நான் சொல்லவில்லை, எனக்குத் தோன்றுவது.

ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. காதல் நாவல் என்ற பெட்டிக்குள் தன் புத்தகங்களை அடைப்பதை கேபல்டன் ஏற்பதில்லை. ஆனால் அந்த முதல் புத்தகத்துக்கு விருது கொடுத்தது அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம்தான்.

இதே வரிசையில் 2001-ல் வந்த 'தி ஃபியரி கிராஸ்' நாவலில் ஒரு இடம். நாயகன் ஜேமியைப் பாம்பு கடித்துவிடுகிறது. கால் வீங்கி, புண் சீழ் வைத்து, காலை வெட்ட வேண்டுமோ என்கிற நிலை. நடப்பது பதினெட்டாம் நூற்றாண்டு. பெனிசிலினை ஃபிளெமிங் கண்டுபிடிக்கப் போவது 1928-ல். ஆனால் நாயகி கிளேர் அதற்கப்புறம் பிறக்கப்போகிற மருந்துலகத்திலிருந்து வந்தவள். ரொட்டியில் பூக்கிற பூஞ்சைகளில் எது சரியான பூஞ்சை என்று நுண்ணோக்கியில் தேடி, வளர்த்து வைத்திருக்கிறாள். பெனிசிலியம் என்ற பெயருக்கு லத்தீனில் தூரிகை என்று பொருள். அந்தப் பூஞ்சையின் நுனி, உருப்பெருக்கிப் பார்த்தால் சின்னத் தூரிகை போலவே இருக்கும். அதுதான் அடையாளம். சரி, மருந்து தயார். உடம்புக்குள் எப்படி ஏற்றுவது? ஊசி இல்லை. மகள் பிரியானா யோசிக்கிறாள். விரியனின் நச்சுப்பல் உள்ளே துளையுள்ளது. இயற்கையே செய்து வைத்த ஊசி! பாம்பின் பல்லை வைத்தே ஊசி தயாராகிறது.

இந்தக் காட்சியில் 'உன்னை இழந்தால் நான் உயிரோடிருக்க மாட்டேன்' என்று ஒரு பக்க வசனம் எழுதியிருக்கலாம். அதற்குப் பதில் பூஞ்சையும் பல்லும் இருக்கின்றன. மனைவியும் மகளும் அவன்மேல் எவ்வளவு உயிரை வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறார்கள் என்பதில் தெரிந்துவிடுகிறது. கடித்த இனத்தின் பல்லே காப்பாற்றுகிறது என்கிற கவித்துவத்தை எழுத்தாளர் தேடிப் போகவில்லை. விலங்கியல் தெரிந்ததால் அது தானாக வந்து மடியில் விழுந்தது.

*

காதல் கதைக்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருவது 'கெமிஸ்ட்ரி'. "ஜோடிக்குள்ள கெமிஸ்ட்ரி நல்லா ஒர்க் அவுட் ஆகியிருக்கு" என்று ஒவ்வொரு பட வெளியீட்டின்போதும் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அந்தச் சொல்லில் வேதியியல் ஒரு துளியும் கிடையாது. அதே மாதிரிதான் மாத நாவல்களில் வருகிற நாயகியின் படிப்பும். எம்.எஸ்ஸி. இயற்பியல், பல்கலைக்கழகத்தில் முதல் இடம் என்று இரண்டாம் பக்கத்தில் வரும். அப்புறம் தொண்ணூற்றாறாம் பக்கம்வரை அந்த இயற்பியல் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காது. மின்விசிறி நின்றுபோனால்கூட அவள் நாயகனைத்தான் கூப்பிடுவாள்.

அடுத்த பொறி ஹார்மோன். ஆக்சிடோசின்தான் காதல், டோபமைன்தான் ஏக்கம் என்று எழுதுவது சுலபம், படிக்கவும் நவீனமாக இருக்கும். இதன் பின்னணியில் ஒரு உண்மையான ஆராய்ச்சிக் கதை உண்டு. வட அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்ற சுண்டெலி போன்ற பிராணி, பாலூட்டிகளில் அபூர்வமாக, ஜோடி சேர்ந்து வாழ்வது. அதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு வோல் இனம் அப்படியில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று பல பத்தாண்டுகள் தோண்டியதில், பிரசவத்திலும் பாலூட்டலிலும் வேலை செய்கிற ஆக்சிடோசின் ஜோடி சேர்வதிலும் பங்கெடுக்கிறது என்று தெரிந்தது. உடனே பத்திரிகைகள் அதற்குக் 'காதல் ஹார்மோன்' என்று பெயர் சூட்டிவிட்டன. 2023-ல் என்ன ஆயிற்று என்றால், ஆக்சிடோசினை உணரும் ஏற்பியே இல்லாதபடி மரபணு மாற்றப்பட்ட வோல்களும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன, பாலும் கொடுத்தன. ஆராய்ச்சியாளர்களே எதிர்பார்க்காதது. ஹார்மோனை நம்பிக் காதல் வசனம் எழுதிய நாவலாசிரியர்களின் பக்கங்கள் பழசாகிவிட்டன. வோல்களுக்குப் பாவம் இது ஒன்றும் தெரியாது.

ஆகவே அறிவியலின் முடிவுகளைக் கதைக்குள் அலங்காரமாகத் தூவுவதால் பெரிய லாபமில்லை. முடிவுகள் மாறும். கதைக்குள் நிலைத்து வேலை செய்வது அறிவியலின் பழக்கம். ஒன்றை உற்றுப் பார்ப்பது, தனக்கு வேண்டியதைப் பார்க்காமல் அங்கே இருப்பதைப் பார்ப்பது. இந்தப் பழக்கத்துக்கு நம்மிடம் ஈராயிரம் வருஷம் பழசான ஒரு வரி உண்டு. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் காதலன் தும்பியிடம் கேட்கிறான்: பூப்பூவாய்ப் போய்த் தேன் தேடி வாழ்கிறவன் நீ, நீ அறிந்த பூக்களில் என் காதலியின் கூந்தலைவிட மணமுள்ளது எதாவது உண்டா? கேட்கும்போதே ஒரு நிபந்தனை போடுகிறான்: 'காமம் செப்பாது கண்டது மொழிமோ.' எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். காதலில் தலைகால் புரியாமல் இருக்கிறவன், அந்தத் துறையில் அனுபவமுள்ள ஒரு சாட்சியைத் தேடிப் பிடித்து, பாரபட்சமில்லாத பதிலைக் கேட்கிறான். அந்தப் பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது, கூந்தலுக்கு இயற்கை மணம் ஏது என்று நக்கீரர் வழக்காடிய புராணக் கதை வேறு நமக்குத் தெரியும். ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பி, மதிப்பீட்டாளரிடம் மாட்டிக்கொண்ட எவருக்கும் அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. காதல் நாவலுக்கு அந்த அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் வகுத்த இலக்கணம் இரண்டே வரி: நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாக, நம்பிக்கையாக இருக்க வேண்டும். அதாவது முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்த கதை. துப்பறியும் நாவலில் யார் கொன்றது என்று தெரியாது. இங்கே யார் யாரோடு சேரப் போகிறார்கள் என்பது அட்டைப் படத்திலேயே இருக்கிறது. பிறகு எதற்கு முந்நூறு பக்கம் படிக்கிறோம்? 'எப்படி' என்பதற்காக. இந்த இரண்டு பேர், இவ்வளவு தடைகளுக்கு நடுவே, எந்த வழியாக அங்கே போய்ச் சேருகிறார்கள்? ஆப்பிள் விழும் என்பது நியூட்டனுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். எப்படி என்பதுதான் கேள்வியாக இருந்தது. இந்த 'எப்படி'யில் சோம்பல்படுகிற காதல் நாவல் நாற்பதாம் பக்கத்தில் செத்துவிடும்.

*

இந்த விஷயத்தில் இப்போது அதிகம் பேசப்படுகிறவர் அலி ஹேசல்வுட். புனைபெயர்தான். இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவில் நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, பேராசிரியராக இருந்தவர். 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரங்களை வைத்து ரசிகர் கதையாக எழுதியதைத் திருத்தி 2021-ல் வெளியிட்ட 'தி லவ் ஹைபோதிசிஸ்' பெரிய வெற்றி. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கருதுகோளோடு ஆரம்பிக்கும், பெரும்பாலும் நாயகி போடுகிற கருதுகோள் தப்பாகப் போகும். அந்த உத்தி கொஞ்ச தூரம் போனதும் அலுக்கிறது என்பது என் அபிப்பிராயம். உண்மையான அறிவியல் வேறு இடத்தில் இருக்கிறது.

நாயகி ஆலிவ் ஸ்டான்ஃபோர்டில் உயிரியல் ஆராய்ச்சி மாணவி. கணையப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்பது அவள் வேலை. நாயகன் ஆடம் அதே துறையில் எல்லோரையும் நடுங்கவைக்கிற பேராசிரியர். இருவரும் காதலிப்பதாக நடிக்க ஒப்புக்கொள்கிறார்கள். அவளுக்குக் காரணம் தோழி. அவனுக்குக் காரணம் ஆராய்ச்சி நிதி! அவன் வேறு பல்கலைக்கழகத்துக்குத் தாவிவிடுவான் என்று சந்தேகப்பட்டு நிர்வாகம் அவனுடைய பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. உள்ளூரில் ஒரு காதலி இருந்தால், ஆள் இங்கேயே வேர்விட்டுவிட்டான் என்று நம்பிப் பணத்தை விடுவிப்பார்கள். ஆய்வகத்தில் பொழுதைக் கழித்தவர் தவிர வேறு யாருக்கும் இந்தக் கதைமுடிச்சு தோன்றியிருக்காது. நிற நிறமாய்ப் புகைவிடும் குடுவைகளை சினிமாவிடம் விட்டுவிட்டு, மானியம், வழிகாட்டி, மாநாடு, இலவச சாப்பாடு கிடைக்கும் கூட்டம் என்று ஆராய்ச்சி மாணவரின் நிஜ வாழ்க்கையைக் காதலுக்குத் தடையாகவும் துணையாகவும் வைத்திருக்கிறார்.

அந்தப் புத்தகத்தின் தொடக்கக் காட்சியை கவனியுங்கள். ஆலிவ் காலாவதியான கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு, கண் எரிந்து நீர் கொட்ட, ஒரு கழிவறையில் நிற்கிறாள். எதிரே யாரோ ஒரு ஆண், உருவம் மங்கலாக. எதற்கு முனைவர் பட்டம் படிக்க வருகிறாய் என்று அவன் கேட்கிறான். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, நான் கண்டுபிடிக்காவிட்டால் வேறு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள். அது போதுமான காரணம் என்று அவன் சொல்லிவிட்டுப் போகிறான். அவன்தான் ஆடம் என்பது வாசகருக்குச் சட்டென்று புரிந்துவிடும். அவளுக்கு வெகுநாள் தெரியாது. கவனித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள், தன் வாழ்க்கையின் முக்கியமான ஆளை முதல்முறை சந்திக்கும்போது கண் தெரியாமல் நிற்கிறாள். காதல் கதைக்கு வேண்டிய அத்தனை நகைப்பும் அந்த ஒரு லென்ஸில் இருக்கிறது.

கோர்ட்னி மிலனின் வழி வேறு. வேதியியலில் முதுகலை, அப்புறம் சட்டம், அப்புறம் முழுநேரக் காதல் நாவல். 2013-ல் வந்த 'தி கவுண்டஸ் கான்ஸ்பிரசி' விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடக்கிறது. உயிரினங்களின் பண்புகள் தலைமுறை தாண்டிப் போவது பற்றி ஊரே கொந்தளிக்கும்படி மேடையில் பேசுகிறான் ஒரு மைனர். பேச்சு அவனுடையது, ஆராய்ச்சி அவனுடையதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பூச்செடிகளைக் கலப்பினம் செய்து குறிப்பெடுக்கும் ஒரு கைம்பெண்ணுடையது. பெண் எழுதினால் யாரும் வெளியிட மாட்டார்கள் என்பதால் அவன் முகத்தை இரவல் கொடுத்திருக்கிறான். இனி இந்தப் பொய் வேண்டாம் என்று அவன் மறுக்கிற இடத்தில் கதை சூடுபிடிக்கிறது. புத்தகத்தின் சமர்ப்பணமே ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பெயரில்தான் தொடங்குகிறது. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிய உதவிய எக்ஸ்-கதிர்ப் படங்கள் யாருடைய ஆய்வகத்திலிருந்து வந்தன என்பதை உலகம் தாமதமாகத்தான் உரக்கச் சொன்னது.

கதையென்று இதைத் தள்ளிவிட முடியாது. உண்மையான கேம்பிரிட்ஜில் மியூரியல் வெல்டேல் என்று ஒரு பெண் இருந்தார். 1903-ல் வில்லியம் பேட்சனின் மரபியல் குழுவில் சேர்ந்தார். ஸ்னாப்டிராகன் பூவின் நிறங்கள் எப்படித் தலைமுறை தாண்டிப் போகின்றன என்று பார்க்க ஆரம்பித்து, பூவுக்குச் சிவப்பும் நீலமும் தருகிற ஆந்தோசயனின் நிறமிகளின் வேதியியலுக்குள் போய்விட்டார். 1916-ல் அந்த நிறமிகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க கேம்பிரிட்ஜ் 1948 வரை காத்திருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

1919-ல் அவர் ஹுயா ஆன்ஸ்லோவைக் கல்யாணம் செய்துகொண்டார். நியூசிலாந்து ஆளுநரின் மகன், அங்கேதான் பிறந்தவர். அந்த நாட்டுப் பறவை ஒன்றின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். ஹுயாவில் ஆணுக்குக் குட்டையான உறுதியான அலகு, பெட்டைக்கு நீண்டு வளைந்த அலகு. ஒரே இனத்தில் அலகு இவ்வளவு மாறுபட்ட பறவை வேறு எதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. 1907-க்குப் பிறகு அதை நம்பத்தகுந்தபடி யாரும் பார்க்கவில்லை. மனிதர் ஹுயா இளம் வயதில் தண்ணீரில் குதித்தபோது முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுக்கையில் இருந்தவர். படுத்தபடியே வீட்டில் ஆய்வகம் அமைத்துக்கொண்டார். வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் ஏன் மின்னுகின்றன என்று ஆராய்ந்து, அவற்றின் செதில்களில் உள்ள நுண்ணிய அடுக்கமைப்பு பற்றி 1921-ல் பெரிய கட்டுரை வெளியிட்டார். நிறமியால் வரும் நிறத்தை மனைவி பார்த்துக்கொண்டிருந்தார், நிறமி இல்லாமல் அமைப்பினால் வரும் நிறத்தைக் கணவன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் பூவும் பூச்சியும்! சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தாலே ஒரு நாவல் கிடைக்கும். 1922-ல் அவர் இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து மியூரியல் அவரைப் பற்றி ஒரு நினைவு நூல் எழுதினார், அப்புறம் ஆய்வகத்துக்குத் திரும்பினார். முடிவு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்ற அந்த அமெரிக்கச் சங்கத்தின் இலக்கணப்படி பார்த்தால் இது காதல் கதையே ஆகாது.

*

சந்தோஷ முடிவு என்றதும் சார்லஸ் டார்வின் ஞாபகம் வருகிறது. அவர் நாவல் பித்தர். குடும்பத்தினர் வாசிக்கக் கேட்டபடி ஓய்வெடுப்பது அவருடைய அன்றாடம். சுமாரான நாவலாக இருந்தாலும் தனக்குப் பிடிக்கும், ஆனால் சோகமாக முடியக் கூடாது, அப்படி முடிப்பதற்கு எதிராகச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மனசார நேசிக்கத்தக்க ஒரு ஆளாவது கதையில் இல்லாவிட்டால் அது முதல் தர நாவல் ஆகாது, அது அழகான பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது என்றும்.

இந்த மனிதர்தான் 1838-ல், கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்துப் பட்டியல் போட்டார். வேண்டாம் பக்கத்தில்: சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் இருக்காது, புத்தகத்துக்குப் பணம் மிஞ்சும். வேண்டும் பக்கத்தில்: நம்மேல் அக்கறையுள்ள ஒரு துணை, எப்படியும் நாயைவிட மேல். கடைசியில், கணக்கு நிரூபணத்தின் அடியில் எழுதுவதுபோல, கல்யாணம், கல்யாணம், கல்யாணம், நிரூபிக்கப்பட்டது என்று முடித்தார். 1839 ஜனவரியில் எம்மாவைக் கைப்பிடித்தார்.

ஆங்கில நாவலாசிரியர் எலிசபெத் காஸ்கல் அவருக்குத் தூரத்து உறவு. 1864-ல் 'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' நாவலைத் திட்டமிடும்போது பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், கதாநாயகன் ரோஜர் டார்வினைப் போல உலகம் சுற்றப் போகும் இயற்கையியலாளன் என்று சொல்லியிருக்கிறார். 'உயிரினங்களின் தோற்றம்' வந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கிலாந்தின் காதல் கதைகளில் அதுவரை நாயகன் என்றால் பெரும்பாலும் நிலவுடைமையாளன், பாதிரி, ராணுவ அதிகாரி. வலையும் கூடையுமாக வாய்க்கால் ஓரம் பூச்சி பிடித்துத் திரிகிறவனைக் காதலுக்கு உரியவனாக்குவது துணிச்சலான காரியம். ரோஜர் அழகனும் இல்லை. கொஞ்சம் முரட்டு உருவம், அண்ணனைப்போல நாசூக்காகப் பேசவும் வராது.

அவனை நாம் நம்ப ஆரம்பிக்கும் காட்சி இது. மருத்துவர் மகள் மோலியிடம் அவள் அப்பா, மறுமணம் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவள் தோட்டத்து மூலையில், தாழ்ந்து தொங்கும் ஒரு ஆஷ் மரத்தடியில் விழுந்து அழுகிறாள். அந்த நேரத்தில் ரோஜர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு காலை நடையிலிருந்து திரும்புகிறான். அவளைப் பார்க்கவில்லை. வெகுநாளாகத் தேடிய ஒரு செடி பூத்திருப்பது கண்ணில் பட்டு, அதைப் பார்க்கப் போகிறான். போகும்போது காஸ்கல் அவன் காலடியைக் காட்டுகிறார்: எந்தச் செடியையும் வீணாக மிதிக்காமல், யோசிக்காமலே, பழக்கத்தால் தள்ளித் தள்ளி வைக்கிறான். இன்றைக்கு அற்பமாகத் தெரிகிற ஒன்றிலிருந்து நாளைக்கு என்ன வளரும், எந்தப் பூச்சி வரும் என்று யாருக்குத் தெரியும்? அப்படிப் போகிறவன்தான் மரத்தடியில் மோலியைப் பார்க்கிறான். தொந்தரவு செய்யக் கூடாது என்று விலகிப் போகிறான், விம்மல் கேட்டுத் திரும்பி வருகிறான்.

வீட்டில் அழகில்லாத இரண்டாம் பிள்ளை, அழுகிற ஒரு சிறுபெண், இரண்டையும் சேர்த்தது அந்தக் காலடி. புல்லைப் பார்த்து நடக்கிறவன் மனுஷியையும் பார்ப்பான். ஆறுதலுக்கு அவன் செய்வதும் அவன் மாதிரியே இருக்கிறது. வார்த்தை கொஞ்சம்தான். அப்புறம் காலையில் பிடித்துவந்ததை எல்லாம் நுண்ணோக்கியில் வைத்து அவளுக்குக் காட்டுகிறான். அவளுக்குப் படிக்கப் புத்தகம் தருகிறான். மோலிக்குக் காதல் என்று தெரிவதற்கு வெகுமுன்பே ஆர்வம் தொற்றிக்கொள்கிறது. ரோஜருக்கோ எல்லாச் செடியும் தெரிகிறது, எதிரே இருக்கிறவளைத் தெரிய பல நூறு பக்கம் ஆகிறது. நடுவே மோலியின் மாற்றாந்தாய் பெற்ற அழகி சிந்தியாவைக் காதலித்து நிச்சயம் பண்ணிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு ஆராய்ச்சிப் பயணம் போகிறான். அவதானிப்பில் இவ்வளவு தேர்ந்தவன் இவ்வளவு பெரிய பிழை விடுவதில்தான் அவன் மனிதனாகிறான். காஸ்கல் அதற்காக அவனைக் கேலி செய்யவில்லை.

அந்த நாவல் 1864 ஆகஸ்டிலிருந்து கார்ன்ஹில் மாத இதழில் தொடராக வந்தது. 1865 நவம்பரில், கடைசி அத்தியாயத்தை எழுதி முடிக்காமலே காஸ்கல் திடீரென்று இறந்துபோனார். ரோஜரும் மோலியும் சேர்வார்கள் என்பதை இதழாசிரியர்தான் கடைசியில் ஒரு குறிப்பாக எழுதி வாசகருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

காஸ்கல் எழுதிய கடைசிப் பக்கங்களில் ரோஜர் தன் மனசைக் கண்டுபிடித்துவிட்டான். மறுபடி ஆப்பிரிக்கா புறப்பட வேண்டும். போவதற்கு முன் மோலியிடம் பேச வேண்டும். ஆனால் அவன் வீட்டில் அண்ணன் மகனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல், தொற்றுநோய். மோலி வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைக்கக் கூடாது. வேறொரு கதாநாயகன் என்றால் ஓடிவந்து கையைப் பிடித்திருப்பான். ரோஜர் வருவதில்லை. தூறலில், தெருவில், ஜன்னலுக்கு எதிரே வந்து நின்று மேலே பார்க்கிறான். மாற்றாந்தாய் திருமதி கிப்சனுக்கு ஒரே பரவசம், எவ்வளவு காதல் ததும்பும் காட்சி என்கிறாள். கூடவே அவனுக்கு வண்டி தவறிவிடுமே என்ற கவலையும் வந்துவிட, தன் கடிகாரத்தை எடுத்து உயர்த்திப் பிடித்து, விரலால் தட்டித் தட்டிக் காட்டுகிறாள். ஜன்னலின் நட்டநடுவில் நின்றுகொண்டு! மோலி அவளுடைய ஆடிக்கொண்டே இருக்கும் கைகளுக்கு மேலும் கீழும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்க்கிறாள். கீழே ரோஜரும் அதேபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடுவது மாதிரித் தெரிகிறது. கடைசியில் அவன் மெல்ல மெல்ல நடக்கிறான், அந்தக் கடிகாரம் தட்டப்படுவதைப் பொருட்படுத்தாமல், அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே.